விரல் அவிழும் நேரம்

கேள்வி: என் மனைவிக்கு 36 வயது. கரூரில் இருக்கிறோம். நான் ஒரு ஜவுளி ஏற்றுமதி அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். மனைவிக்கு முடக்குவாதம் என்று தெரிந்து இரண்டு வருடம் ஆகிறது. தினமும் காலை ஒன்பது மணி வரை அவளால் ஒரு வேலையும் ஆவதில்லை. சட்னி அரைப்பது, பிள்ளைகளுக்கு டிபன் கட்டுவது எல்லாம் 68 வயதான என் அம்மாதான். அம்மாவுக்கும் முழங்கால் வலி உண்டு. ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை அவள் தங்கை குடும்பத்தோடு வந்தபோது மதியம் பன்னிரண்டு பேருக்கு பிரியாணி செய்தாள். சிரித்துச் சிரித்துப் பேசினாள். திங்கட்கிழமை காலை மறுபடியும் படுக்கை. "அவளுக்கு வேணுங்கிறப்ப வலி வருது, வேண்டாங்கிறப்ப போயிருது" என்கிறார் அம்மா. ரத்தப் பரிசோதனையும் நார்மல் என்றுதான் வந்திருக்கிறது. நான் யாரை நம்புவது? டாக்டர் கொடுத்த ஒரு மாத்திரையை வாரத்தில் ஒரு நாள்தான் போடுகிறாள். தினமும் போட்டால் சீக்கிரம் குணமாகும் இல்லையா? ஒரு நாள் முழுக்க அவளுக்கு எப்படித்தான் இருக்கிறது என்று உண்மையிலேயே எனக்குப் புரியவில்லை.

பதில்: மாத்திரையைப் பற்றிய கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். மற்றதெல்லாம் ஒரு வாரம் பொறுக்கும், இது பொறுக்காது. தயவுசெய்து அந்த மாத்திரையைத் தினமும் போடச் சொல்லாதீர்கள். அக்கறையில் அவருக்குத் தெரியாமல் எடுத்து வைத்தும் கொடுத்துவிடாதீர்கள்.

நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் அது மெத்தோட்ரெக்சேட்டாகத்தான் இருக்கும். முடக்குவாதத்துக்கு உலகம் முழுக்க முதலில் கொடுக்கப்படும் மருந்து அது. புற்றுநோய்க்காக உருவாக்கப்பட்டது. அதையே மிகக் குறைந்த அளவில், வாரத்துக்கு ஒரே ஒரு நாள் கொடுத்தால் மூட்டுகளைத் தாக்கும் எதிர்ப்பு சக்தி அடங்குகிறது என்று தெரிந்த பிறகு, 1988ல் அமெரிக்காவில் முடக்குவாதத்துக்கு அங்கீகாரம் கிடைத்தது. வாரத்துக்கு மொத்தமே 7.5 முதல் 25 மில்லிகிராம் வரைதான். அதே மாத்திரையைத் தவறுதலாகத் தினமும் போட்டால் வாயெல்லாம் புண்ணாகும், ரத்த அணுக்கள் சரசரவென்று குறையும், உயிரே போகலாம். போயிருக்கிறது. அதனால்தான் என்னைப் போல மூட்டுவாதத் துறையில் இருக்கும் மருத்துவர்கள் சீட்டில் கிழமையைத் தமிழிலேயே எழுதிக் கோடு போட்டுக் கொடுப்போம்.

இன்னொன்று. இதோடு ஃபோலிக் ஆசிட் என்று ஒரு மாத்திரையும் கொடுத்திருப்பார்கள், மற்ற நாட்களில் போடுவதற்கு. இரண்டுமே பெரும்பாலும் சின்னதாக, மஞ்சளாக இருக்கும். வீட்டில் மாத்திரை டப்பாவை அடுக்கித் தருபவர் நீங்களோ உங்கள் அம்மாவோ என்றால் கண்ணாடி போட்டுக்கொண்டு பெயரைப் படித்துவிட்டு அடுக்குங்கள். வாய்ப்புண், விடாத காய்ச்சல், மூச்சு வாங்கும் வறட்டு இருமல், இதில் எது வந்தாலும் அடுத்த வேளை மாத்திரைக்கு முன்னால் டாக்டருக்கு போன் செய்யுங்கள். இன்னொரு குழந்தை பற்றிய எண்ணம் இருந்தால் அதையும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், கர்ப்பத்தில் இந்த மருந்து கூடவே கூடாது.

சரி. இனி உங்கள் மனைவியின் நாளுக்கு வருவோம்.

நான் படிப்பை முடித்து வந்த புதிதில் மாலை ஐந்து மணிக்குத்தான் கிளினிக் திறப்பேன். வருகிறவர்களின் கையைப் பிடித்துப் பார்த்து, மடக்கி நீட்டச் சொல்லி, "பரவாயில்லையே, நல்லாத்தானே மடங்குது" என்று சொல்லி அனுப்புவேன். ஒருநாள் ஒரு பாட்டி கையை உருவிக்கொண்டார். "டாக்டரம்மா, நீங்க காலையில ஆறு மணிக்கு எங்க வீட்டுக்கு வந்து பாருங்க. இந்தக் கை அப்ப வேற கை" என்றார். புத்தகத்தில் நான் படித்திருந்த விஷயம்தான் அது. ஆனால் அவர் சொன்ன பிறகுதான் உறைத்தது. மறு மாதமே காலை நேரத்துக்கு கிளினிக்கை மாற்றினேன். நீங்களும் உங்கள் அம்மாவும் இப்போது செய்துகொண்டிருப்பது அன்றைக்கு நான் செய்த தப்புதான். மதியம் தெரிகிற கையை வைத்துக் காலைக் கையை எடை போடுகிறீர்கள்.

முடக்குவாதத்தில், கிராமத்தில் சரவாங்கி என்பார்களே அதில், உடம்பின் எதிர்ப்பு சக்தியே மூட்டின் உள்பக்கச் சவ்வைத் தாக்குகிறது. தாக்குவதற்கு அது சுரக்கும் பொருட்களுக்கு ஒரு நேரக்கணக்கு உண்டு. நடுராத்திரிக்கு மேல் ஏறத் தொடங்கி, விடிகாலையில் உச்சத்துக்குப் போகும். வீக்கத்தை அடக்கும் கார்டிசால் என்ற ஹார்மோனும் விடியும் நேரத்தில்தான் உடம்பில் ஏறுகிறது, ஆனால் இந்த நோயில் அது போதுவதில்லை. போதாக்குறைக்கு, அசையாமல் கிடந்த மூட்டில் ராத்திரி முழுக்க நீர் தேங்கியிருக்கும். ஆக, மற்ற எல்லாருக்கும் ஓய்வு கொடுக்கிற தூக்கம், உங்கள் மனைவியின் விரல்களைப் பூட்டிவிட்டுப் போகிறது.

நாலரை மணி போல அவருக்கு விழிப்பு வந்திருக்கும். நீங்கள் தூங்கிக்கொண்டிருப்பீர்கள். வலியில்தான் விழித்தார் என்று சொல்ல முடியாது. புரண்டு படுக்கப் போனவருக்குத் தோள்பட்டை வரவில்லை, அதில் விழித்திருப்பார். போர்வையைப் பிடித்து இழுக்க விரல் மடங்காது, புறங்கையால் தள்ளிவிடுவார். எழுந்து காலைக் கீழே வைத்தால் முன்பாதத்தில் கூழாங்கல் மேல் நிற்பது போல இருக்கும். எத்தனையோ பேர், ஒருவரை ஒருவர் பார்த்திராதவர்கள், என்னிடம் இதே வார்த்தையைச் சொல்லியிருக்கிறார்கள். "கூழாங்கல்லு மேல நடக்குற மாதிரி." பாத்ரூம் தாழ்ப்பாளைத் தள்ளுவது, குழாயைத் திருகுவது, பேஸ்ட் மூடியைத் திறப்பது என்று ஒவ்வொன்றாக வரும். இவையெல்லாம் வேலை என்றே நமக்குத் தோன்றாது. அவருக்கு ஒவ்வொன்றும் வேலை.

உங்களுக்கு ஒரு பெண் குழந்தை இருந்தால், இரண்டு வருடத்துக்கு முன் அவள் ஸ்கூலுக்கு என்ன ஜடை போட்டுப் போனாள், இப்போது என்ன போட்டுப் போகிறாள் என்று யோசித்துப் பாருங்கள். மூன்று கால் எடுத்து இறுக்கிப் பின்னுவதற்கு விரலின் நடு முட்டிகள் எல்லாம் வேலை செய்ய வேண்டும். முடக்குவாதம் முதலில் பிடிப்பது அந்த முட்டிகளையும், உள்ளங்கையை ஒட்டியிருக்கும் முட்டிகளையும், மணிக்கட்டையும்தான். என்னிடம் வரும் பல அம்மாக்கள் தங்கள் வலியைச் சொல்லும்போது அழுததில்லை. பிள்ளையின் தலைமுடியை வெட்டிவிட்டதைச் சொல்லும்போது அழுதிருக்கிறார்கள்.

சட்னி விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். மிக்ஸி அரைக்கிறது, இவருக்கு என்ன கஷ்டம் என்று தோன்றும். தேங்காயை உடைத்துத் துருவ வேண்டும் அல்லது கீற வேண்டும், ஜாரைப் பிடித்துத் திருகி உட்கார வைக்க வேண்டும், மூடியை அழுத்திப் பிடிக்க வேண்டும், பிறகு நிறைந்த ஜாரை ஒரு கையால் தூக்கிச் சாய்க்க வேண்டும். திருகுவது, அழுத்துவது, சாய்ப்பது மூன்றுமே காலை ஏழு மணிக்கு ஒரு முடக்குவாதக் கைக்கு ஆகாத காரியங்கள். பால் பாக்கெட்டின் மூலையைக் கிள்ளுவதும் குக்கர் மூடியைத் திருப்பிப் பூட்டுவதும் அப்படித்தான். பதினோரு மணிக்கு இதே கை இதையெல்லாம் செய்யும். அதுதான் உங்கள் வீட்டில் சந்தேகத்தைக் கிளப்புகிறது.

உங்கள் அம்மாவைக் குறை சொல்ல மாட்டேன். அவருடைய நியாயத்தைக் கொஞ்சம் பாருங்கள். 68 வயதில் அவருக்கு இருப்பது பெரும்பாலும் மூட்டுத் தேய்மானமாக இருக்கும். அதன் குணமே வேறு. காலையில் எழுந்தால் ஒரு பத்துப் பதினைந்து நிமிடம் பிடிப்பு இருக்கும், நாலு நடை நடந்தால் விட்டுவிடும். அப்புறம் வேலை செய்யச் செய்ய வலி ஏறும், உட்கார்ந்தால் குறையும். ஆகவே அவர் அறிந்த வலி, உழைத்தால் வரும், ஓய்வெடுத்தால் போகும். மருமகளின் வலியோ ஓய்வெடுத்தால் வருகிறது, அசைந்தால் குறைகிறது. ராத்திரி முழுக்கப் படுத்திருந்துவிட்டுக் காலையில் "வலிக்குது" என்றால், தன் முழங்காலை வைத்து அளக்கிற யாருக்கும் அது பொய்யாகத்தான் தெரியும். அம்மாவிடம் இதை நீங்கள்தான் சொல்ல வேண்டும், மனைவி சொன்னால் எடுபடாது. "அம்மா, உனக்கு வர்றது வேற, அவளுக்கு வந்திருக்கிறது வேற. ரெண்டுக்கும் வாதம்னு ஒரே பேரு வெச்சுட்டாங்க" என்று சொல்லிப் பாருங்கள். அவரும் வலியோடு நின்றுதான் உங்கள் பிள்ளைகளுக்கு டிபன் கட்டுகிறார் என்பதையும் அதே மூச்சில் சொல்லுங்கள். அவருக்கு அது கேட்க வேண்டியிருக்கும்.

எட்டு மணி போல ஏதாவது சாப்பிட்டுவிட்டு உங்கள் மனைவி ஒரு சின்ன மாத்திரை போடுகிறாரா? ஸ்டீராய்டாக இருக்கலாம். அதன் கதை சுவாரசியமானது. 1948 செப்டம்பரில் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில், முடக்குவாதத்தால் படுக்கையோடு கிடந்த 29 வயதுப் பெண் ஒருவருக்கு பிலிப் ஹென்ச் என்ற மருத்துவர் கார்டிசோன் என்ற ஸ்டீராய்டை ஊசியாகப் போட்டார். சில நாட்களில் அந்தப் பெண் எழுந்து நடந்தார். 1950ல் ஹென்ச்சுக்கும் வேறு இருவருக்கும் நோபல் பரிசு கொடுத்தார்கள். அதிசய மருந்து என்று உலகமே கொண்டாடியது. நீண்ட நாள் போட்டால் எலும்பு தேய்கிறது, முகம் உப்புகிறது, சர்க்கரை ஏறுகிறது என்பதெல்லாம் அப்புறம்தான் தெரிந்தது. அதனால் இப்போது குறைந்த அளவில், மற்ற மருந்துகள் பிடிக்கும் வரைக்கும் தாங்கிப் பிடிக்கும் ஒரு முட்டு போலத்தான் கொடுக்கிறோம். மெத்தோட்ரெக்சேட் பிடிக்கவே ஆறு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். ஸ்டீராய்டைக் கண்டு பயந்து திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து. வெளியிலிருந்து வருவதற்குப் பழகிய உடம்பு, சொந்தமாகக் கார்டிசால் சுரப்பதை மறந்திருக்கும், படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். போகிற போக்கில் ஒரு வார்த்தை: "மூன்றே நாளில் மூட்டு வலி போகும்" என்று பெயர் ஒட்டாத பொட்டலத்தில் யாராவது பொடி கொடுத்தால் வாங்காதீர்கள். அப்படி மூன்று நாளில் போனால், உள்ளே யாரும் சொல்லாமல் ஸ்டீராய்டைக் கலந்திருக்கிறார்கள் என்றுதான் நான் சந்தேகப்படுவேன். முடக்கத்தான் கீரை தோசை ஊற்றித் தருகிறார்களா, தாராளமாகச் சாப்பிடட்டும். எனக்கும் பிடிக்கும். மாத்திரைக்குப் பதிலாக மட்டும் வேண்டாம்.

ஒன்பது, ஒன்பதரைக்கு விரல் அவிழ்கிறது. "அவிழ்வது" என்பதும் என்னிடம் வருகிறவர்கள் சொல்லித் தந்த வார்த்தைதான். பத்து மணியிலிருந்து மதியம் இரண்டு மணி வரை அவருடைய நல்ல நேரம். பிரியாணி செய்தது அந்த நேரத்தில்தான் என்று உங்கள் கடிதமே சொல்கிறது.

அந்த ஞாயிற்றுக்கிழமையைக் கொஞ்சம் யோசிப்போம். தங்கை வருகிறாள். மாதக்கணக்கில் "உனக்கு முடியாதே" என்று எல்லாரும் சொல்லிக் கேட்ட பெண்ணுக்கு, இன்றைக்கு முடிகிறது. கை அவிழ்ந்திருக்கிறது. வெங்காயம் நறுக்குகிறார், அடிபிடிக்காமல் கிளறுகிறார், அண்டாவைத் தம் போட்டு இறக்குகிறார். சிரிப்பு வராமல் எப்படி இருக்கும்? ஆனால் அன்றைக்கு அவர் செலவழித்தது கைவசம் இருந்ததை அல்ல, திங்கட்கிழமையிடம் கந்துவட்டிக்கு வாங்கியதை. வட்டிக்காரன் விடிகாலை நாலரைக்கே வந்து கதவைத் தட்டியிருப்பான். நல்ல நாளில் எல்லா வேலையையும் இழுத்துப் போட்டுச் செய்வது, அடுத்த மூன்று நாள் விழுவது, மறுபடி கொஞ்சம் தெம்பு வந்ததும் அதையே செய்வது. இந்த நோயில் இருக்கிற நிறையப் பேர், அதிலும் சுறுசுறுப்பானவர்கள், இந்தச் சுழலில்தான் மாட்டுகிறார்கள். உங்கள் மனைவி சோம்பேறியாக இருந்திருந்தால் திங்கட்கிழமை அவருக்கு அவ்வளவு மோசமாக இருந்திருக்காது.

மெத்தோட்ரெக்சேட்டை எந்தக் கிழமை போடுகிறார் என்று கேட்டீர்களா? ஞாயிறு ராத்திரி என்றால் திங்கட்கிழமைக்கு இரண்டாவது காரணமும் கிடைத்துவிட்டது. போட்ட மறுநாள் குமட்டலும், அடித்துப் போட்டது போன்ற அசதியும் பலருக்கு உண்டு. டாக்டரிடம் சொல்லிக் கிழமையை மாற்றிக்கொள்ளலாம். சனி ராத்திரி போட்டுவிட்டு ஞாயிறு காலை நிதானமாக எழுபவர்கள் நிறைய.

மூன்று மணிக்கு மேல் அசதி வரும். இதுதான் மற்றவர்களுக்குப் புரிய வைக்கவே முடியாதது. தூக்கம் வருவதில்லை, ஆனால் உடம்பில் சார்ஜ் தீர்ந்துவிட்டது போலிருக்கும். உள்ளே ஓயாமல் அழற்சி எரிந்துகொண்டிருப்பதால் வருகிற அசதி அது. ரத்தசோகையும் சேர்ந்துகொண்டால் இன்னும் மோசம். காய்ச்சல் விட்ட மறுநாள் உங்களுக்கு எப்படி இருக்கும்? கிட்டத்தட்ட அதுபோல, வாரத்தில் நாலு நாள். அந்த நேரத்தில்தான் பிள்ளைகள் ஸ்கூலிலிருந்து வருகிறார்கள், வீட்டுப்பாடம், டிபன், துணி மடிப்பது என்று எல்லாம் ஆரம்பிக்கிறது. நீங்கள் ஏழு மணிக்கு வீட்டுக்குள் நுழையும்போது பார்ப்பது அந்த மனுஷியைத்தான். ராத்திரிக்குச் சப்பாத்தி மாவு பிசையச் சொல்லாதீர்கள், தம்பி. களி கிண்டச் சொல்லவே சொல்லாதீர்கள். உங்கள் ஊர்ப்பக்கத்து அரிசிம்பருப்பு சாதம் இருக்கவே இருக்கிறது, குக்கரை நீங்கள் மூடித் திறந்தால் மீதியை அவர் பார்த்துக்கொள்வார்.

இனி அந்த ரிப்போர்ட். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை எடுக்கச் சொல்லியிருப்பார்கள். அதில் ரத்த அணுக்களும் கல்லீரலும் நார்மல் என்றால், மெத்தோட்ரெக்சேட் உடம்பைக் கெடுக்கவில்லை என்று அர்த்தம். நோய் அடங்கிவிட்டது என்று அர்த்தமில்லை. நிறைய வீடுகளில் இந்தக் குழப்பம் நடக்கிறது. மருந்தின் பாதுகாப்புக்காக எடுத்த பரிசோதனையைக் காட்டி, "உனக்கு ஒண்ணுமில்லேன்னு ரிப்போர்ட்டே சொல்லுது" என்று நோயாளியை வாயடைக்க வைக்கிறார்கள். நோயின் வேகத்தைக் காட்டுபவை இஎஸ்ஆர், சிஆர்பி என்ற வேறு இரண்டு ரத்தப் பரிசோதனைகள். ஆனால் அவையும் நார்மலாக இருந்து மூட்டு வீங்கியிருப்பதை நான் வாராவாரம் பார்க்கிறேன். இந்த நோயைக் கண்டுபிடிக்க எடுக்கும் ஆர்ஏ ஃபேக்டர் என்ற ரத்தப் பரிசோதனை நெகட்டிவ் என்று வந்தும் முடக்குவாதம் இருப்பவர்கள் உண்டு, ஏறக்குறைய நாலில் ஒருவர். அதனால்தான் நாங்கள் கையாலும் பார்க்கிறோம். தோள் முதல் விரல் வரையும் முழங்காலுமாக 28 மூட்டுகளை ஒவ்வொன்றாக அழுத்தி, எத்தனை வலிக்கிறது, எத்தனை வீங்கியிருக்கிறது என்று எண்ணுகிறோம்.

உங்கள் கடிதத்தில் எனக்கு உண்மையான கவலை தந்த வரி எது தெரியுமா? "தினமும் காலை ஒன்பது மணி வரை." இரண்டு வருட சிகிச்சைக்குப் பிறகும் காலைப் பிடிப்பு இத்தனை மணி நேரம் நிற்கிறது என்றால், நோய் இன்னும் அடங்கவில்லை. அதை அப்படியே விட்டால் மூட்டு உள்ளே அரித்துக்கொண்டே போகும், பிறகு விரல் கோணினால் நிமிர்த்த முடியாது. "நடிக்கிறாளா" என்று நீங்கள் வீட்டில் விவாதித்துக்கொண்டிருக்கும் நேரத்தில் "மருந்து போதவில்லையா" என்று டாக்டரிடம் கேட்டிருக்க வேண்டும். இன்றைக்கு வழிகள் நிறைய இருக்கின்றன. மாத்திரையின் அளவைக் கூட்டலாம், அதையே ஊசியாகப் போடலாம், சல்ஃபாசலசின், ஹைட்ராக்சிகுளோரோகுயின் போன்றவற்றைச் சேர்க்கலாம். அதற்கும் மசியாவிட்டால், மூட்டைத் தாக்கும் பொருட்களைக் குறிவைத்துத் தடுக்கும் பயாலஜிக் ஊசிகள் உண்டு, டோஃபாசிட்டினிப் போன்ற மாத்திரைகள் உண்டு. பின்னதில் இந்தியக் கம்பெனிகளின் மலிவான மாத்திரைகளும் வந்துவிட்டன. அவற்றைத் தொடங்கும் முன் காசநோய் இருக்கிறதா என்று பார்ப்பார்கள், அதற்குப் பயப்பட வேண்டாம். எது பொருந்தும் என்பதை அவர் கையைப் பிடித்துப் பார்க்கிற ருமட்டாலஜிஸ்ட், அதாவது மூட்டுவாத நிபுணர்தான் முடிவு செய்ய வேண்டும், கடிதம் வழியாக நான் சொல்ல முடியாது. இதுவரை பொது மருத்துவரிடம்தான் காட்டிக்கொண்டிருக்கிறீர்கள் என்றால், திருச்சி, கோவை போன்ற பக்கத்து நகரங்களில் இந்தத் துறை நிபுணர்கள் இருக்கிறார்கள்.

இரவைப் பற்றியும் இரண்டு வார்த்தை. படுக்கையில் அவர் விலகிப் படுத்தால் உங்கள் மேல் கோபம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். தோளும் இடுப்பும் மணிக்கட்டும் வலிக்கிற பெண்ணுக்குத் தொடுகையைப் பற்றி ஒரு பயம் வந்துவிடும், அதை வாய்விட்டுச் சொல்லவும் கூச்சமாக இருக்கும். நேரத்தை மாற்றலாம், படுக்கும் வாகை மாற்றலாம், முன்னதாக வெந்நீரில் குளிக்கலாம். பேசினால் வழி பிறக்கும் விஷயம்தான். பேசுவதை நீங்கள் ஆரம்பியுங்கள்.

வீட்டில் என்ன செய்வது என்று கேட்பீர்கள். முதலில் குழாய்களை மாற்றுங்கள், சமையலறையிலும் பாத்ரூமிலும். உருண்டைத் திருகுக் குழாயை எடுத்துவிட்டு, முழங்கையாலேயே தள்ளித் திறக்கிற நீளக் கைப்பிடிக் குழாய் போடச் சொல்லுங்கள். ஒரு பிளம்பருக்கு அரை நாள் வேலை. காலையில் எழுந்ததும் ஒரு அகலப் பாத்திரத்தில் பொறுக்கும் சூட்டில் வெந்நீர் வைத்துக் கொடுங்கள். பத்து நிமிடம் கையை அதில் வைத்து, உள்ளேயே மெல்ல மடக்கி நீட்டினால் பிடிப்பு கொஞ்சமாவது குறையும். கேஸ் அடுப்பைப் பற்றவைத்து அந்தப் பாத்திரத்தைத் தூக்கி வைக்கிற ஆள் நீங்களாக இருக்க வேண்டும் என்பதுதான் இதில் முக்கியம். தேங்காயை ஞாயிற்றுக்கிழமை மொத்தமாகத் துருவி ஃப்ரீசரில் வையுங்கள். காய்கறிப் பையை விரலில் தொங்கவிடாமல் முழங்கையில் மாட்டச் சொல்லுங்கள். கனமான பாத்திரத்தை இரண்டு உள்ளங்கையாலும் அடியில் தாங்கித் தூக்கினால் விரல் முட்டிகள் தப்பிக்கும்.

அதற்காக எல்லாவற்றையும் பிடுங்கிக்கொள்ளாதீர்கள். "நீ உட்காரு, நாங்க பாத்துக்கறோம்" என்று எந்நேரமும் சொன்னால், பிடிப்பு அவிழ்ந்த பிறகும் அவர் நோயாளியாகவே உட்கார வேண்டியதாகிவிடும். அசையாமல் இருப்பது இந்த மூட்டுகளுக்கு நல்லதும் இல்லை. தங்கை மறுபடி வரட்டும், பிரியாணியும் நடக்கட்டும். நறுக்குவதை முந்தின நாள் மதியம் முடித்துவிடுங்கள், அண்டாவை நீங்கள் தூக்குங்கள், கடைசியில் பாத்திரம் தேய்ப்பது உங்கள் வேலை. நடுவில் அரை மணி நேரம் அவர் போய்ப் படுத்தால் விருந்தாளிகள் முன்னால் யாரும் முகத்தைச் சுளிக்கக் கூடாது. உப்பு, காரம், தம் எல்லாம் அவர் கையில் இருக்கட்டும்.

கடைசியாக ஒன்று கேட்கிறேன். உங்கள் வீட்டுச் சுவரில் தினசரிக் காலண்டர் தொங்குகிறதல்லவா? நாளை காலையிலிருந்து "இன்னிக்கு எப்படி இருக்கு" என்று கேட்காதீர்கள். அதற்கு எல்லாப் பெண்களும் "பரவாயில்ல" என்றுதான் பதில் சொல்வார்கள். "இன்னிக்கு விரல் எத்தனை மணிக்கு அவிழ்ந்துச்சு?" என்று கேளுங்கள். ஒன்பதே கால் என்று சொன்னால் அந்தத் தேதித் தாளில் பேனாவால் 9.15 என்று எழுதுங்கள். ஆபீசிலிருந்து போன் செய்து கேட்டுச் சாயங்காலம் எழுதினாலும் சரி. மெத்தோட்ரெக்சேட் போட்ட நாளில் ஒரு வட்டம், விருந்தாளி வந்த நாளில் ஒரு புள்ளி. வேறெதுவும் வேண்டாம். மறுநாள் காலை தாளைக் கிழிக்கும்போது குப்பையில் போடாமல் ஒரு கிளிப்பில் மாட்டி வையுங்கள்.

அடுத்த தடவை டாக்டரைப் பார்க்கப் போகும்போது லீவு போட்டுவிட்டுக் கூடப் போங்கள். ரிப்போர்ட் ஃபைலுக்கு முன்னால் அந்தத் தாள்களை மேஜை மேல் வையுங்கள். காலை நேரமாகப் பார்த்து அப்பாயின்ட்மென்ட் வாங்கிக்கொள்ளுங்கள்.